எந்த டி.வி. நம் வீட்டுக்கு?

"எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி.ன்னு கடைக்காரர் அடுக்கறார். தலை சுத்துது அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு இளம் தாய். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் இரண்டும் ஒரே குடும்பம்தான். எல்.சி.டி. திரைக்குப் பின்னால் விளக்கு எரியும், கியூ.எல்.இ.டி.யில் நிறங்கள் இன்னும் எடுப்பாக இருக்கும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் கறுப்பு அசல் கறுப்பாகத் தெரியும். விலைதான் கூடுதல்!

உங்கள் கூடத்தில் பகல் வெளிச்சம் கொட்டுகிறதா? காலை முதல் இரவு வரை ஒரே சேனல் ஓடுகிறதா? அப்படியானால் எல்.இ.டி.யே போதும். ஓ.எல்.இ.டி.யில், மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் முத்திரை நாளடைவில் திரையில் தழும்பாகப் படியக்கூடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சினிமா பார்ப்பவர்களுக்கு அது சுகம்.

கடை வெளிச்சத்தில் தெரியும் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். நம் வீட்டு அறைக்கு எது பொருந்தும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. மேஜைமேல் சும்மா நிற்கும் டி.வி.யைத் தவழும் குழந்தை பிடித்து இழுத்தால், அப்படியே அதன்மேல் சாய்ந்துவிடும். எதை வாங்கினாலும் சுவரில் உறுதியாகப் பொருத்திவிடுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் முதல் செலவு அதற்காக இருக்கட்டும்!