வாசலில் சமைக்கும் திருநாள்

ஆடி மாதம் பிறக்கும் நாளில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்களில் வீட்டு வாசல்களிலும் தெரு முனைகளிலும் தீ மூட்டப்படுகிறது. நீண்ட குச்சிகளில் செருகிய தேங்காய்களை அத்தீயில் வாட்டியபடி பெரியவர்களும் சிறுவர்களும் சுற்றி அமர்ந்திருப்பர். 'தேங்காய் சுடுதல்' எனப்படும் இவ்வழக்கம், அண்டை மாவட்டங்களான ஈரோட்டிலும் கரூரிலும் உண்டு. காவிரிக்கரை ஊர்களில் இதற்குத் தனிச் சிறப்பு.

செய்முறை எளிமையானதே, ஆனால் பொறுமை தேவை. முற்றிய தேங்காயின் நாரை முழுவதுமாக நீக்கி, ஓட்டைக் கல்லிலோ தரையிலோ தேய்த்து வழவழப்பாக்குவர். ஒரு கண்ணைத் திறந்து நீரை வடித்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவற்றை உள்ளே இடுவர். வடித்த நீரில் ஒரு பகுதியை மீண்டும் ஊற்றி, நுனி சீவிய அழிஞ்சில் குச்சியால் துளையை அடைத்து, மஞ்சள் பூசித் தீயில் காட்டுவர்.

உள்ளே நீர் இருக்கும்வரை ஓடு கருகுமே தவிர, எளிதில் எரிந்து போகாது. கொதிக்கும் நீரின் ஆவியில் அரிசியும் பருப்பும் வேகின்றன; வெல்லம் இளகி, தேங்காய்ப் பருப்பின் எண்ணெயோடு கலந்து ஊறுகிறது. ஓடு வெடித்து மணம் எழுவதே பக்குவத்தின் அடையாளம். பின்னர் பிள்ளையாருக்குப் படைத்து, உடைத்துப் பகிர்ந்து உண்பர்.

மகாபாரதப் போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்றும், தருமம் வெல்ல வேண்டி மக்கள் அன்று வழிபட்டதன் தொடர்ச்சியே இது என்றும் மக்கள் கூறுவர். கதை எவ்வாறாயினும், குடும்பம் கூடுவதற்கு இது ஒரு தவணையாக நிலைத்துவிட்டது. புதுமணத் தம்பதியரைப் பெண் வீட்டார் விருந்துக்கு அழைப்பதும் இந்நாளில்தான். லாரித் தொழிலையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலையும் நம்பி வெளிமாநிலங்களில் அலையும் ஆண்கள் மிகுந்த இப்பகுதியில், அத்தகைய ஒரு நாளின் அருமை சொல்லாமலே விளங்கும்.

உணவைச் சுற்றிக் குடும்பம் கூடுவது உலகெங்கும் உள்ளது. கரீபியக் கடல் நாடான ஹைட்டியில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று குடும்பங்கள் 'ஜூமு' என்னும் பூசணி சூப்பைச் சமைத்துப் பகிர்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகள் அதைச் சமைக்கலாம், உண்ணலாகாது என்றிருந்த நிலை, 1804-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது முடிவுற்றது என்பது அம்மக்களின் நினைவு. 2021-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்கறி நறுக்கும் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அதன் சமையலில் பங்கேற்கின்றனர்.

நம் தேங்காய்க்கும் அதே இயல்பு உண்டு. பண்டிகைப் பலகாரங்களின் உழைப்பு பெரும்பாலும் சமையலறைக்குள் பெண்கள் மீதே விழுகிறது. தேங்காய் சுடுதலோ சமையலை வாசலுக்குக் கொண்டு வருகிறது. ஓடு தேய்ப்பது சிறுவர் வேலை. தீயைக் கவனிப்பது ஆண்களுக்கும் உரியது. பக்குவம் சொல்வது பாட்டியின் அதிகாரம். எழுதப்பட்ட அளவுக் குறிப்பு இன்றியே இது தலைமுறைகளைக் கடந்ததற்கு இப்பங்கீடும் ஒரு காரணம் எனலாம்.

இன்று குச்சியைச் சந்தையில் வாங்குகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் இல்லாததால் எரிவாயு அடுப்பில் சுடுவோரும் உளர். இவற்றால் மரபு அழிந்துவிடாது. ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடித்து, மற்றவர்கள் உண்ண மட்டும் வரும்போதுதான் அது நலியத் தொடங்கும். மொட்டை மாடியின் ஓரத்தில் பாதுகாப்பாக ஒரு சிறு தீ மூட்டி, தேய்ப்பதற்கு ஒரு தேங்காயைக் குழந்தையின் கையில் கொடுத்தால் போதும். அடுத்த ஆடிக்கு அக்குழந்தையே நினைவூட்டும்.