புகையற்ற சமையலும் கூட்டுறவுச் சங்கங்களும்

நெசவாளர் வீடுகள் பலவற்றில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உழவர் வீடுகள் பலவற்றிலோ அடுப்பங்கரைக்குச் சாளரமே இராது. சமைக்கும் தாயும், அவள் இடுப்பிலுள்ள குழந்தையும், அருகே அமர்ந்து தார் சுற்றும் முதியவளும் நாள்தோறும் பல நாழிகை புகையைச் சுவாசிக்கின்றனர். நெடுநாள் பழக்கத்தினால் இது ஒரு தீங்கு என்னும் எண்ணமே நம்மிடம் மறைந்துவிட்டது.

ஆனால் தீங்கின் அளவு சிறிதன்று. வீட்டு அடுப்புப் புகையினால் விளைந்த நோய்களுக்கு 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் மக்கள் இரையாயினர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். குழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சியும், பெரியோருக்கு இருதய நோய், பக்கவாதம், நாள்பட்ட மூச்சுத் தடை நோய் ஆகியவையும் இப்புகையினால் உண்டாகின்றன.

புகை என்பது யாது?

விறகும் சுள்ளியும் வறட்டியும் அடுப்பில் முழுமையாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சிய பகுதி நுண்ணிய துகள்களாகவும் கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடாகவும் வெளிப்படுகிறது. துகள்கள் மிக நுண்ணியவை ஆதலின் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. சமையல் வாயுவோ காற்றுடன் நன்கு கலந்து ஏறக்குறைய முழுமையாக எரிந்துவிடுகிறது. ஆகையால் புகை இல்லை. பாத்திரத்தில் கரியும் இல்லை.

இணைப்பு வந்தது, அடுத்த உருளை?

ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் சமையல் வாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டத்தை இந்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிற்று. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. 2024-க்குள் அத்தொகை 10 கோடியைக் கடந்தது. இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் இணைப்பு பெற்றோர் அனைவரும் விறகை விட்டுவிடவில்லை. நாலைந்து பேர் கொண்ட குடும்பம் முழுச் சமையலையும் வாயுவில் செய்வதாயின், 14.2 கிலோ உருளைகள் ஆண்டுக்கு ஏழு, எட்டேனும் வேண்டும். 2018 டிசம்பர் முடிய ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரி 3.21 உருளைகளே வாங்கினர் என்று கணக்குத் தணிக்கை அறிக்கை கூறிற்று. உருளைக்கு 300 ரூபாய் மானியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அப்படியும் 2023-24-இல் சராசரி நான்கை எட்டவில்லை.

காரணம் அறியாமை அன்று. விறகைச் சிறுகச் சிறுக வாங்கலாம். காசின்றிப் பொறுக்கவும் செய்யலாம். உருளைக்கோ முழு விலையையும் ஒரே முறையில் கொடுத்தல் வேண்டும். மானியம் பின்னரே வங்கிக் கணக்கில் சேரும். பாவு முடிந்து துணியைச் சங்கத்தில் ஒப்படைத்த பின்னரே கூலி காணும் நெசவாளிக்கும், அறுவடையை எதிர்நோக்கும் உழவனுக்கும் உருளை தீரும் நாளும் பணம் வரும் நாளும் ஒத்து வருவதில்லை. இடையில் மீண்டும் விறகடுப்பு புகைகிறது.

சாண எரிவாயு

மாடு வைத்திருப்போருக்கு மற்றொரு வழியும் உண்டு. சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் விட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மீத்தேன் மிகுந்த வாயுவை உண்டாக்குகின்றன. இரண்டு கன மீட்டர் கலத்துக்கு நாள்தோறும் ஏறக்குறைய 50 கிலோ சாணம், அதாவது நாலைந்து மாடுகளின் சாணம், வேண்டும். கலம் செவ்வனே நடந்தால் ஒரு குடும்பத்தின் சமையலுக்கு அந்த வாயு போதும். வறட்டியாக எரித்தால் சாணத்தின் உரச்சத்தில் பெரும்பகுதி அழிந்துபோகும்; கலத்திலிருந்து வெளிவரும் கரைசலோ நல்ல உரமாகும். ஆகவே அடுப்புக்கும் வயலுக்கும் ஒருங்கே பயன் கிட்டுகிறது.

நம் நாட்டில் கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களிலேயே இக்கலங்களைப் பரப்பத் தொடங்கிற்று. ஆயினும் பல கலங்கள் பாழாயின. இரும்பு மூடி துருப்பிடித்தது, கட்டடம் விரிசல் கண்டது, பழுது பார்க்க ஆளில்லை, மாடுகளும் குறைந்தன. கலத்தைக் கட்டுவதோடு வேலை முடிந்ததென்று எண்ணியதே பிழை.

இப்பிழைக்கு மாற்றுக் கண்ட ஊர்களுள் ஒன்று குஜராத்து ஆனந்த் மாவட்டத்தின் ஜகரியாபுரா. தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியத்தின் உதவியால் அங்கே வீடுகளில் சாண எரிவாயுக் கலங்கள் அமைக்கப்பட்டன. தத்தம் வயலுக்குப் போக எஞ்சும் கரைசலைப் பெண்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் விலைக்கு வாங்கி உரமாக்குகிறது. கரைசலுக்கு விலை உண்டு என்றானபின், கலத்தைப் பழுதின்றிக் காப்பதில் வீட்டாருக்கே அக்கறை பிறக்கிறது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, நெசவாளர் சங்கங்கள் அங்கத்தினர் சம்மதத்துடன் ஒவ்வொரு கூலிப் பட்டுவாடாவிலும் ஒரு சிறு தொகையை எரிபொருள் சேமிப்பாக ஒதுக்கி வைக்கலாம். உருளை தீரும் நாளில் அத்தொகை கைக்கு வரும். ஐந்து கிலோச் சிற்றுருளையும் கிடைக்கிறது என்பதையும் அங்கத்தினருக்கு அறிவித்தல் நன்று.

இரண்டாவது, உழவர் சங்கங்களும் பால் சங்கங்களும் பல கலங்களுக்குப் பொதுவாகப் பழுது பார்ப்பவர் ஒருவரை அமர்த்தலாம். கரைசலை வாங்கி விற்கவும் ஏற்பாடு செய்யலாம்.

மூன்றாவது, இவ்விஷயம் பற்றிய கூட்டத்துக்குச் சமைப்பவர்களை அவசியம் அழைத்தல் வேண்டும். புகையின் துன்பத்தை அறிந்தவர்கள் அவர்களே.

அடுப்பை அரசாங்கம் அளிக்கலாம். அது நாள்தோறும் எரியும்படி செய்வது சிறுசேமிப்பும் ஒத்துழைப்பும் கூடிய வேலை. இவ்வேலைக்காகவே ஏற்பட்டவை நம் சங்கங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனை ஆலோசித்து ஆவன செய்வோமாக.