பட்டில் பூத்த பூவும் நெசவாளி கேட்ட கூலியும்

வெர்சேல்ஸ் அரண்மனையில் ராணி மேரி அந்துவானெத் படுத்த அறையின் சுவர்களுக்குப் பட்டுத்துணி மாட்டியிருந்தார்கள். பட்டு முழுதும் பூங்கொத்து! தூரிகையால் தீட்டியதல்ல, தறியிலேயே இழை இழையாக நெய்தது. நெய்த ஊர், பிரான்சின் தென்கிழக்கில் உள்ள லியோன்.

1536-ல் மன்னர் முதலாம் பிரான்சுவா இந்த ஊருக்குப் பட்டு நெசவு உரிமை அளித்தார். இத்தாலியப் பட்டுக்குப் போகும் பணம் உள்நாட்டிலேயே தங்கட்டுமே என்ற கணக்குத்தான். 18-ம் நூற்றாண்டில் பிலிப் தெ லாசால் என்பவர் மயிலையும் கவுதாரியையும் பட்டில் கொண்டுவந்தார். ரஷ்யப் பேரரசி காதரீன் அவருடைய பட்டுகளை வாங்கினார்.

பூ எப்படி விழுகிறது? ஒவ்வொரு ஊடை இழைக்கும், பாவில் எவை எழ வேண்டும், எவை கிடக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். நெசவாளி ஒருவரால் ஆகாது. தறியின் பக்கத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ நின்று, நாள் முழுதும் கயிறுகளை இழுக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் ‘அடை’ கட்டி நெய்த குடும்பங்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

இந்த வேலையை அட்டைக்கு மாற்றியவர் லியோன் நெசவாளி ஒருவரின் மகனான ஜோசப் மரி ஜக்கார்டு. மற்றவர்கள் முன்பே செய்து பார்த்த முறைகளைச் சேர்த்து, 1804-ல் புதிய கருவி அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் இழை எழும்; இல்லாவிட்டால் எழாது. 1839-ல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள்! அந்தப் படம் ஒன்றை வைத்திருந்த ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், தம் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டையையே நினைத்தார்.

கயிறு இழுத்த பிள்ளை இறங்கியாயிற்று. கூலி ஏறியதா? அதுதான் இல்லை. தறி நெசவாளியுடையது, நூலைக் கொடுப்பதும் கூலியைச் சொல்வதும் வியாபாரி. 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு பட்டியல் முடிவாயிற்று. வியாபாரிகளில் பலர் கொடுக்க மறுத்தனர். நவம்பரில் குருவா ரூஸ் மேட்டிலிருந்து நெசவாளர்கள் திரண்டு இறங்கினார்கள். “உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்” என்றது அவர்களுடைய கறுப்புக் கொடி. சில நாள் நகரமே அவர்கள் கையில்! டிசம்பரில் அரசுப் படை நுழைந்தது. கூலிப் பட்டியல் ரத்து. 1834-ல் மீண்டும் எழுந்தார்கள். அதையும் படை கொண்டே அடக்கினர்.

குருவா ரூஸ் வீடுகள் இன்றும் இருக்கின்றன. கூரை சுமார் 4 மீட்டர் உயரம். ஜக்கார்டு தறி நிற்க அத்தனை உயரம் வேண்டியிருந்தது. குடும்பம் படுத்ததோ, அதே அறையில் மரத்தால் கட்டிய பரணில்.