உங்கள் கதை உங்கள் கையிலேயே இருக்கட்டும்

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எமது பெண்கள் ஒரு பையை மட்டும் கைவிடாமல் வைத்திருந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, இரண்டொரு கல்யாணப் படம் என்பன அதற்குள் இருக்கும். அந்தப் பைக்குள் அடங்காதது அவரவர் வாழ்க்கைக் கதை. இப்போது பேரப்பிள்ளைகள், "அம்மம்மா, நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக அதை எழுதிவைக்க விரும்பும் பெண்கள் பலர் என்னிடம் கேட்பது, கணினியில் அல்லது கைத்தொலைபேசியில் எந்த மென்பொருளில் எழுதலாம் என்பதையே.

படிவங்களும் நேர்காணல்களும் எமக்குப் புதியவையல்ல. ஆனால் அங்கே கேள்வி மற்றவருடையது. சொன்ன கதையும் பெரும்பாலும் அவருடனேயே போய்விடுகிறது. குடும்பத்துக்கு எழுதும் கதை அப்படிப் போகக்கூடாது. ஆகவே எந்த மென்பொருளைத் தெரிவு செய்தாலும் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எழுதியதை எங்கும் வாசிக்க முடியுமா? எம்மிற் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தத் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பினால் அவளால் வாசிக்க முடியாமற் போகலாம். யுனிகோட் முறையில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. பழக்கப்பட்ட பாமினி விசைப்பலகை முறையிலேயே யுனிகோட்டில் எழுதவும் வசதிகள் உண்டு. கணினி உள்ளவர்களுக்கு லிப்ரே ஒபிஸ் போதுமானது. அது இலவசமானது, இணையம் இல்லாமலும் இயங்கும்.

இரண்டாவது, எழுதியதை வெளியே எடுக்க முடியுமா? கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் கூகிள் டொக்ஸ் பாவிக்கலாம். தட்டச்சுத் தெரியாதவர்கள் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைத் தெரிவு செய்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் அது எழுத்தாகும். எமது பேச்சு வழக்கைச் சில இடங்களில் பிழையாக எழுதும். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் கட்டாயம் சரிபாருங்கள். இரண்டு வருடங்கள் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் 2023 இல் அறிவித்தது. எனவே ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் பிடிஎப் ஆக மாற்றி, பென் டிரைவில் ஒன்றும் நம்பிக்கையான உறவினரிடம் ஒன்றுமாக வையுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை அச்சிட்டு அந்தப் பழைய பைக்குள்ளேயே வையுங்கள்.

மூன்றாவது, யார் வாசிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியுமா? இது எம் போன்றவர்களுக்கு மிக முக்கியம். காணாமல் ஆக்கப்பட்டவர்கள், தடுப்பில் இருந்தவர்கள், எமக்கு உதவிய அயலவர்கள் எல்லோரும் எமது கதைக்குள் வருவார்கள். கூகிள் டொக்ஸில் இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற தெரிவைக் கொடுக்காதீர்கள். உரியவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். லிப்ரே ஒபிஸில் கோப்பைக் கடவுச்சொல்லிட்டுச் சேமிக்கலாம். அதை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது என்பதால், கொப்பியொன்றில் குறித்துப் பத்திரப்படுத்துங்கள். கொமியூனிகேசன் கடையில் தட்டச்சுச் செய்வித்தால், வெளியேறுமுன் அங்குள்ள பிரதியை அழிப்பித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு கேள்வி அனுப்பி, வருட முடிவில் புத்தகமாக்கித் தரும் ஸ்டோரிவேர்த் போன்ற வெளிநாட்டுச் சேவைகளும் உண்டு. அவற்றுக்குப் பணம் கட்டவேண்டும். ஆனால் வாரம் ஒரு கேள்வி என்ற அந்த முறையைக் காசில்லாமலே நாம் எடுத்துக்கொள்ளலாம். 'அம்மா எந்தக் கறியை நன்றாகச் சமைப்பா?', 'எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது?' என்று சிறிய கேள்விகளில் தொடங்குங்கள். செல்லடியிலும் முகாமிலும் தொடங்கவேண்டிய கட்டாயமில்லை. பேரப்பிள்ளைகள் அறிய விரும்புவது எமது துன்பத்தை மட்டுமல்ல.

எழுதும்போது நெஞ்சு கனத்தால் நிறுத்திவிடுங்கள். நம்பிக்கையான ஒருவருடன் கதையுங்கள். சில பக்கங்களை எழுதாமலே விடலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவரும் நீங்களே.