குன்னூர் கண்ட உணவுக் கணக்கு

நோயுற்றவருக்கு மருந்து எவ்வளவு இன்றியமையாததோ, அந்நோயைப் பற்றிய தெளிவான செய்தியும் அவ்வளவு இன்றியமையாதது. வைத்தியர் அறிந்தது நோயாளியின் அடுக்களைவரை சென்று சேராவிடில், சிகிச்சை பாதியிலேயே நின்றுவிடும்.

அண்மையில் நீலகிரியில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பசுந்தேயிலை எடை போடும் கொட்டகையில், அங்கத்தினரான ஓர் அம்மையார் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். இரத்தசோகைக்கு மாத்திரை வழங்கிய இடத்தில், இரும்புச்சத்துள்ள உணவு உண்ண வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தனர். “அது எந்தச் சாமானில் இருக்கிறது, ஐயா?” என்று வினவினார். வரவு செலவை வரிவரியாகச் சரிபார்க்க வந்த எனக்கு விடை கூற இயலவில்லை.

அவ்வினாவுக்குரிய விடையை நாடு முழுமைக்கும் தேடித் தந்தது இம்மலையே என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவுக் குறைவால் வரும் நோய்களை ஆராயத் தொடங்கினார். பல மாகாணத்தார் உண்ணும் உணவை எலிகளுக்கு அளித்து, தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவில் வளர்ச்சி குன்றுவதைக் காட்டினார். அப்பணியே உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அவருக்குப் பின் அதன் தலைவரான அய்க்ராய்டு, 1937-இல் ‘சுகாதார வெளியீடு எண் 23’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். எந்த உணவில் எச்சத்து எவ்வளவு என்னும் அட்டவணையும், சீரான உணவைத் திட்டமிடும் முறையும் அதில் அடங்கியிருந்தன. 1958-இல் நிலையம் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. 2017-இல் அது வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுகள் இடம்பெற்றுள்ளன.

அதன்படி 100 கிராம் கேழ்வரகில் இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 0.7-க்கும் குறைவு. சுண்ணாம்புச்சத்தோ கேழ்வரகில் 364 மில்லிகிராம்; அவ்வரிசியில் 7 அல்லது 8. நம் முன்னோர் இம்மலைச் சரிவுகளில் ராகியும் சாமையும் பயிரிட்டு உண்டனர். அந்நிலங்கள் உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் மாறியதில் குற்றமில்லை. ஆயின் நிலத்தை விட்டுப் போன தானியம் பானையையும் விட்டுப் போக வேண்டுவதில்லை.

தேயிலையால் வாழும் நாம் மறைக்கலாகாத செய்தியும் ஒன்றுண்டு. உணவோடு தேநீர் அருந்தினால், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பது குறைகிறது. அதற்காகத் தேநீரை விட வேண்டாம். உண்டு ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்தலாம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு உடலிற் சேரத் துணை செய்யும். அந்த அம்மையார் தம் மாத்திரையை நாள்தோறும் காலைத் தேநீருடனேயே விழுங்கி வந்தார்! மாத்திரை கிடைத்தது; இச்செய்தி கிடைக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்கப் பெரும் பொருட்செலவு வேண்டா. இலை விலை எழுதும் பலகையின் பக்கத்தில் மற்றொரு பலகை போதும். மாதம் ஒரு செய்தியைத் தெளிந்த தமிழில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டித் திருத்தம் பெற்றபின் வைக்கலாம். அங்கத்தினரின் ஐயங்களைச் செயலாளர் தொகுத்து அம்மருத்துவருக்கு அனுப்பலாம். மக்கள் எதை அறியாதிருக்கின்றனர் என்பதை மருத்துவரும் அறிய வேண்டுமன்றோ? நெசவாளர் சங்கங்கள் நூல் வழங்கும் இடத்தில் இதையே செய்யலாம்.

கடனையும் உரத்தையும் வீடுதோறும் சேர்க்கக் கற்ற நம் சங்கங்களுக்கு, உடல்நலச் செய்தியைச் சேர்ப்பது அரிய காரியமன்று. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவீர்களாக.