அந்தமான் தீவுகளில் கணிப்பொறியின் கடிகாரம்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை, இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிடத்தில், சுமத்ராத் தீவின் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. அப்பிளவு வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடிவரையில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவிற்று. அவ்வமயம் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இந்திய நில அளவைத் துறையினரின் அலைமானி ஒன்று கடல் மட்டத்தைப் பதிவு செய்து கொண்டிருந்தது. அப்பதிவிற் கண்ட நேரத்தை ஆதாரமாகக் கொண்டு, தீவுகளின் அடியில் நிலம் மெதுவாகவே வழுக்கிற்று என ஆராய்ச்சியாளர் சிலர் முடிவு கூறினர். ஆனால், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிலையத்தைச் சேர்ந்தோர் அதே பதிவை நுணுகி ஆராய்ந்து, அலைமானியின் கடிகாரம் அரை மணி நேரத்திற்கும் மேலாக முந்தி ஓடியிருந்தது என்பதை 2005-ல் எடுத்துக் காட்டினர். கடிகாரத்தைத் திருத்திக் கணக்கிட்டபோது வழுக்கம் விரைவாகவே நிகழ்ந்தது என்று ஏற்பட்டது. பூமியின் ஓட்டைப் பற்றிய ஒரு கொள்கை, ஒரு கடிகாரத்தின் பிழையால் தலைகீழாக மாறிற்று.

அலைமானியின் கடிகாரத்திற்கும், மேசைமீது அமர்ந்திருக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவக்கூடும். இன்று மழையளவு முதல் கப்பல் சீட்டு வரையில், தீவுகளின் பதிவுகளிற் பெரும் பகுதி கணிப்பொறியின் வாயிலாகவே நடைபெறுகிறது. ஒவ்வொரு பதிவின்மீதும் அக்கணிப்பொறி தன் நேரத்தைப் பொறித்துவிடுகிறது. வேறு வழி இல்லாதபோது அந்நேரம் பிறப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின்மீதுள்ள சிறு கடிகாரத்தில். அதன் முள்ளைத் திருப்பும் இடமே ‘பயாஸ்’ என்னும் அமைப்புத் திரை.

பயாஸ் என்பது யாது? மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணிப்பொறியின் மூளையாகிய பிராசசருக்கு ஒன்றுமே தெரியாது. ஹார்டு டிஸ்க் என ஒன்று உண்டு என்பதையும், விசைப்பலகை எங்கே இணைந்துள்ளது என்பதையும் அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அழியாத நினைவுச் சில்லு ஒன்றில் எழுதப்பெற்ற சிறு கட்டளைத் தொகுதி அப்பணியைச் செய்கிறது. அது முதலில் உறுப்புக்களைச் சோதித்து, பின் டிஸ்கைத் தேடி, விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெரிய இயக்கத் தொகுதியை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதற்கு ‘அடிப்படை உள்ளீட்டு-வெளியீட்டு முறை’ என்னும் பொருள்படும் பெயரை 1970-களில் இட்டவர், சி.பி.எம். என்ற இயக்கத் தொகுதியை இயற்றிய அமெரிக்கர் காரி கில்டால் ஆவார்.

1981-ல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் பயாஸ் இருந்தது. ஆனால் அணைத்த பின்னும் ஓடக்கூடிய கடிகாரம் இல்லை. காலையில் யந்திரத்தை இயக்குவோர் தேதியையும் மணியையும் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். நினைவகம் எவ்வளவு, திரை எவ்வகை என்பவற்றைப் பலகையின்மீதுள்ள சிறு சுவிட்சுகளை நகர்த்தி அறிவித்தனர். 1984-ல் வெளிவந்த ‘ஏ.டி.’ மாதிரியில் மோட்டரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று சேர்ந்தது. அதில் இருந்த இடம் 64 பைட் மட்டுமே. 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும். எஞ்சிய 50 பைட்டில் யந்திரத்தின் அமைப்புக் குறிப்புகள். இரண்டையும் உயிருடன் வைத்திருந்தது ஒரு பாட்டரி. சுவிட்சை நகர்த்துவது ஒழிந்து, திரையைப் பார்த்து அமைக்கும் வழக்கம் இதிலிருந்தே தொடங்கிற்று. ஆரம்பத்தில் அவ்வமைப்புத் திட்டமும் தனித்த பிளாப்பி தட்டு ஒன்றில் வந்தது. தட்டு தொலைந்தால் கதி அதோகதி! பின்னர் அதுவும் சில்லுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அக்கடிகாரத்தின் இதயம், இசைக்கவை வடிவில் வெட்டப்பெற்ற ஒரு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அது துடிக்கிறது. இந்த எண் தற்செயலாக அமைந்ததன்று. இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று எஞ்சும். அதுவே ஒரு விநாடி. ஆனால் எந்தப் படிகமும் குறையற்றதன்று. பத்து லட்சத்தில் 20 பங்கு வரையில் பிழையிருப்பது சாதாரணம். அதாவது நாள் ஒன்றுக்கு 1.7 விநாடி. இதன்மேல் உஷ்ணத்தின் விளைவும் சேரும். இவ்வகைப் படிகம் 25 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே மிக வேகமாகத் துடிக்கும். அதைவிட வெப்பம் மிகுந்தாலும் குறைந்தாலும் அது தாமதிக்கும். தாமதமோ உஷ்ண வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். வெப்பமான தீவின் அறையில், இயங்கிக் கொண்டிருக்கும் பெட்டியின் உள்ளே 40 டிகிரி நிலவுமானால், பத்து லட்சத்தில் ஏழெட்டுப் பங்கு தாமதம் இதனால் மட்டும் நேரும். இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டால் ஆண்டு முடிவில் கடிகாரம் பதினான்கு நிமிடம் வரையில் பிந்தி நிற்கும். கையில் கட்டும் கடிகாரத்துக்கு இக்கவலை குறைவு. அது மனித உடலின் சூட்டிலேயே பெரும்பாலும் இருந்துவிடுகிறது.

இனிப் பாட்டரியைக் கவனிப்போம். நாணயம் போன்ற வடிவுடைய அந்த லிதியம் பாட்டரியின் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர். இவ்விரு அளவுகளே அதன் 2032 என்னும் எண்ணில் அடங்கியிருக்கின்றன. மின்னழுத்தம் 3 வோல்ட். கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. கடிகாரச் சில்லு உண்ணும் மின்சாரம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு அது உழைக்கும். ஆனால் இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கணிப்பொறி அணைந்திருப்பினும், சுவரில் சுவிட்சு இயங்கிக் கொண்டிருக்கும்வரை கடிகாரம் மின்வழங்கிப் பெட்டியிலிருந்தே உணவு பெறுகிறது; பாட்டரி ஓய்வெடுக்கிறது. சுவரிலுள்ள சுவிட்சும் அணைந்தால்தான் பாட்டரி தேயத் தொடங்கும்.

இங்குதான் தீவுகளின் நிலைமை தனித்து நிற்கிறது. பெருநிலத்தின் மின்வலையோடு இவற்றுக்கு இணைப்பு இல்லை. தீவுக்குத் தீவு டீசல் மின்நிலையம். எரிபொருள் கப்பலில் வர வேண்டும். வட அந்தமானில் கல்போங் ஆற்றின்மீது 2001-ல் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைந்தது. தென் அந்தமானில் நெய்வேலி நிறுவனத்தார் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்சேமிப்புப் பாட்டரிகளுடன் 2020-ஐ ஒட்டி நிறுவினர். எனினும் மின்தடையைப் பற்றித் தீவினர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்தடை நேரும்போதும், பாதுகாப்பைக் கருதி மாலையில் சுவர்ச் சுவிட்சையே அணைத்துச் செல்லும்போதும், நாணயப் பாட்டரியே கடிகாரத்தைச் சுமக்கிறது. உப்பு கலந்த ஈரக் காற்று பாட்டரியின் பிடியிலுள்ள உலோக நாக்கையும் அரிப்பதுண்டு. அப்போது பாட்டரி நல்லதாகவே இருப்பினும் தொடர்பு அற்றுவிடும்.

பாட்டரி இறந்தபின் கணிப்பொறியை எழுப்பினால், அமைப்புக் குறிப்புகளின் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்ற ஆங்கில அறிவிப்பு கருந்திரையில் தோன்றும். தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். அதனைப் பொருட்படுத்தாமல் ஒரு விசையை அழுத்தி மேலே செல்வோர் பலர். அதன் பலன் சிறிது நேரத்தில் தெரியும். வங்கி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றின் இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். அப்பக்கங்களின் உண்மையை மெய்ப்பிக்கும் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணிப்பொறியின் கணக்கில் அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! இணைய இணைப்புப் பழுதுபட்டது என்று எண்ணி, குற்றமற்ற கம்பிகளைப் பிடுங்கிப் பார்ப்பது இத்தகைய வேளைகளில்தான்.

இணைப்பு நன்றாயிருக்கும்போது கணிப்பொறி வலையிலுள்ள நேர நிலையங்களைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது மெய்யே. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கி வைக்கப்பெற்றது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரையில் அது செல்கிறது. அதற்கு முன்னர் தீவுகள் செயற்கைக் கோளின் குறுகிய பாதையையே நம்பியிருந்தன. ஆயினும் கம்பி எட்டாத சிறு தீவுகளிலும், வலையோடு இணைக்காமலே தனித்து இயங்கும் கணிப்பொறிகளிலும் தாய்ப்பலகையின் கடிகாரமே இறுதிச் சாட்சி.

அமைப்புத் திரைக்குள் நுழைவது கடினமன்று. மின்சாரம் பாய்ந்தவுடன் ‘டெலீட்’ விசையையோ, ‘எப் 2’ அல்லது ‘எப் 10’ விசையையோ, தயாரிப்பாளரின் வழக்கப்படி, அடுத்தடுத்து அழுத்த வேண்டும். முதற் பக்கத்திலேயே தேதியும் மணியும் இருக்கும். இவற்றைத் திருத்துமுன் ஒன்றை அறிந்திருத்தல் நலம். விண்டோஸ், இக்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாகக் கொள்கிறது. லினக்ஸ் வகைகளோ, சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ உள்பட, பொதுவாக உலகப் பொது நேரத்தையே இக்கடிகாரத்தில் எதிர்பார்க்கின்றன. இரண்டும் ஒரே யந்திரத்தில் குடியிருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தாண்டும். பாட்டரி பழுதென்று எண்ணி அதை மாற்றுவதனால் இது தீராது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு உடன்படச் செய்ய வேண்டும்.

தீவில் சூரியனைப் பார்த்து நேரத்தைச் சரிபார்க்க முயல்வதும் ஆகாது. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்க ரேகையை ஒட்டியது. போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நகரம், 92.7 டிகிரிக்கு அருகில் உள்ளது. டிகிரிக்கு நான்கு நிமிடமாக, அங்குள்ள சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 41 நிமிடம் முந்தியவன். ஜூன் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே உதித்து, டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்துக்குள் மறைந்துவிடுகிறான்.

மற்ற அமைப்புகளுள் தீவுகளுக்கு முக்கியமானது, நின்ற மின்சாரம் திரும்பும்போது கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்பது. அணைந்தே இருக்கலாம், தானே எழலாம், முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம். மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் ஏறி இறங்குவது வழக்கமாதலால், அலுவலக மேசையிலுள்ள யந்திரம் அணைந்தே இருப்பதுதான் உத்தமம். ஆளில்லாத இடத்தில் அளவுகளைப் பதிவு செய்யும் யந்திரத்துக்கு இது நேர்மாறு. நள்ளிரவில் மின்சாரம் வந்தாலும் அது தானே எழ வேண்டும். இல்லையேல் மறுநாள் படகு செல்லும்வரை பதிவில் பள்ளம் விழும். அத்தகைய யந்திரத்துக்கு மின்னழுத்தம் காக்கும் சாதனமும் உடனிருத்தல் அவசியம்.

எந்தச் சாதனத்திலிருந்து முதலில் எழுவது என்னும் வரிசையும் அவ்வாறே முக்கியமானது. பென் டிரைவுக்கு முதலிடம் தந்துவிட்டு, யாரோ மறந்துபோன ஒன்று செருகியிருக்குமானால், தானே எழுந்த யந்திரம் கருந்திரையோடு நின்றுவிடக்கூடும். டிஸ்கின் பேச்சு முறையைக் குறிக்கும் வரியை மட்டும் தொடாதிருப்பது நலம். ‘ஏ.எச்.சி.ஐ.’ என்பதை ‘ஐ.டி.இ.’ என மாற்றினால், முன்னது இருந்தபோது நிறுவிய விண்டோஸ் எழ மறுக்கும். பாட்டரி இறந்து எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பும் பழைய யந்திரங்களில் இம்மாற்றம் யாரும் தொடாமலே நேர்ந்துவிடுவதுண்டு. டிஸ்கே போயிற்று என்று கருதி அதை அழித்து எழுதிவிட்டால் இழப்பு மெய்யாகிவிடும். அந்த ஒரு வரியைப் பழையபடி திருத்தினால் யாவும் மீளும்.

புதிய யந்திரங்களில் பழைய பயாஸுக்குப் பதிலாக ‘யூ.இ.எப்.ஐ.’ என்னும் முறை வந்துள்ளது. 2005-ல் அமைந்த ஒரு கூட்டமைப்பு அதன் விதிகளை வகுத்து வருகிறது. அமைப்புகள் அதில் அழியாச் சில்லில் பதிவாவதால், பாட்டரி போயினும் அவை பெரும்பாலும் நிலைத்திருக்கும். கடிகாரத்துக்கு அச்சலுகை இல்லை. அது இன்றும் அதே நாணயப் பாட்டரியையே நம்பி ஓடுகிறது.

பாட்டரியை மாற்றுமுன் அமைப்புத் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்வது சிறந்த வழக்கம். பின் சுவர்க் கம்பியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ‘+’ குறி மேலே தெரியுமாறு புதியதைச் செருகி, உலோக நாக்கில் பாசி படர்ந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கைபேசியின் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தி, மாற்றிய தேதியைப் பெட்டியின் உட்புறத்தில் அழியா மையால் எழுதிவைக்கலாம். வலையோடு இணையாத யந்திரமாயின், மாதம் ஒரு முறை இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை விநாடிக் கணக்கில் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவர வேண்டும். படிகம் எத்தனை விநாடி பிந்துகிறது என்பது சில மாதங்களிற் புலப்படும். பழைய பதிவுகளின் நேரத்தையும் அதைக் கொண்டு திருத்திவிடலாம்.