முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ரிங்

திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூர் போன்ற சிற்றூர்களில் கூடைப்பந்து சொல்லித்தரும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. அவர் கபடியோ கைப்பந்தோ ஆடி வளர்ந்தவராக இருக்கலாம். சில ஊர்களில், திருச்சிக் கல்லூரி அணியில் ஆடிவிட்டு வந்த இளைஞர் ஒருவர் மாலையில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குவார். ஆட்டம் தெரிந்திருப்பது ஒன்று, பிள்ளைகளுக்கு ஆட்டத்தைத் தருவது வேறொன்று. முதல் முறை பயிற்சியாளராகிறவர் படிக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

இந்த ஆட்டமே ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்காக உருவாக்கியது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை வகுத்தார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அன்று யாரும் வெளியே உட்காரவில்லை. பீச் பழக்கூடைகள் 10 அடி உயரத்தில் மாட்டப்பட்டன. அந்த உயரம் இன்றுவரை மாறவில்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இதுபோன்ற விளையாட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

பந்தின் அளவுதான் முதல் கேள்வி. ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்து 600 கிராம் அளவுக்கு எடை கொண்டது. பெண்களுக்கு 6ஆம் எண். 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 5ஆம் எண்ணே பொருத்தம். பெரிய பந்தைக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை அதை இடுப்பிலிருந்து இரு கைகளாலும் தூக்கி எறியும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றப் பல மாதங்கள் ஆகும். இந்த வயதினர் ஆடும் மினி கூடைப்பந்தில் ரிங்கின் உயரம் 2.60 மீட்டர். நம் பள்ளிகளில் ரிங்கை இறக்கும் வசதி அரிது. வெல்டிங் பட்டறையில் 45 செ.மீ. விட்டத்தில் ஒரு இரும்பு வளையம் செய்து, உறுதியான சுவரில் அந்த உயரத்தில் பொருத்தினால் சிறியவர்களுக்குப் போதும்.

புதிய பயிற்சியாளர்கள் அதிகம் தவறுவது வரிசையில். முப்பது பிள்ளைகளை ஒரே ரிங்குக்கு முன் நிறுத்தி, ஒவ்வொருவராக ஓடிவந்து எழும்பி ரிங்கில் போடும் லே-அப்பைச் செய்யச் சொல்வது எங்கும் காணக்கூடிய காட்சி. ஒருவருக்கு 15 விநாடி என்றால், அடுத்த முறை வர ஏழரை நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை எட்டு முறைதான் பந்தை வீசியிருக்கும். மீதி நேரம் முழுக்க நின்றுகொண்டிருக்கும். அதே முப்பது பேரை மூன்று மூன்றாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தால் மைதானத்தின் ஒவ்வொரு மூலையிலும் பந்து துள்ளும். டிரிபிளிங்குக்கும் பாஸுக்கும் ரிங் தேவையே இல்லை; சமமான தரை இருந்தால் போதும்.

லே-அப்பைக் கடைசி அசைவில் தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லித்தருவது நல்ல முறை. முதலில் ரிங்கின் வலப்பக்கம் ஒரு அடி தள்ளி நின்று, இடது காலை ஊன்றி எழும்பி, போர்டில் உள்ள கட்டத்தின் மேல்மூலையில் பந்தைப் படவைக்க வேண்டும். அது கைவந்ததும் வலது கால், இடது கால் என இரண்டு எட்டு வைத்து எழும்புவது, டிரிபிளிங் வேண்டாம். ‘ஒண்ணு, ரெண்டு, மேல’ என்று பிள்ளைகளே சத்தமாக எண்ணட்டும். கடைசியில்தான் ஒரு டிரிபிள் சேர வேண்டும். ஓடிவந்து போடு என்று முதல் நாளே சொன்னால் கால் குழம்பி, பந்தைத் தட்டாமலே கூடுதல் எட்டு வைக்கும் டிராவலிங் பிழை ஆகும். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் ஊன்றி நிற்கும் ஜம்ப் ஸ்டாப்பை முதல் வாரத்திலேயே பழக்கிவிட்டால் டிராவலிங் பாதி குறையும்.

விதிகளை ஒரே நாளில் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. டிராவலிங், டபுள் டிரிபிள், கோட்டுக்கு வெளியே போதல், இடித்தால் ஃபவுல்: இந்த நான்கு போதும். மூன்று விநாடி, எட்டு விநாடி, 24 விநாடி விதிகள் பிறகு வரட்டும். பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் மூவருக்கு மூவர் ஆட்டமாக, அரைக் கோர்ட்டில் நடக்கட்டும். ஐவர் ஆட்டத்தில் கூச்சப்படும் பிள்ளை ஒளிந்துகொள்ளும். மூவரில் பந்து அதன் கைக்கு வந்தே தீரும். இந்த 3x3 ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக் முதல் பதக்கப் போட்டியாகவும் உள்ளது.

தடுப்பாட்டத்தில் ஆளுக்கு ஆள் முறையே சரி. சிறுவர்களால் தூரத்திலிருந்து ரிங்கில் போட முடியாது; அதனால் ஐவரையும் ரிங்குக்குக் கீழே நிறுத்தி வைக்கும் ஸோன் முறையில் இன்று ஜெயிக்கலாம். ஆனால் அந்த ஐவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். உயரமான பிள்ளையை ரிங்கடியிலேயே நிறுத்துவதும் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் உயரமாக இருப்பவர் பதினாறு வயதில் சராசரி உயரத்தில் நிற்கலாம்; அப்போது அவருக்கு டிரிபிளிங்கும் தெரியாது.

சித்திரை வெயிலில் திருச்சியின் சிமெண்ட் கோர்ட் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காலை ஆறு முதல் ஏழரை வரையோ, பொழுது சாய்ந்த பிறகோதான் பயிற்சி இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கு விசில் அடிப்பது பயிற்சியாளரின் கடமை. ஆட்ட ஆர்வத்தில் பிள்ளைகள் தாகத்தைச் சொல்ல மாட்டார்கள். தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டும்போது பயிற்சியிலிருந்து நின்றுவிடுவது பெரிய இழப்பு. பாதுகாப்பாக உடை மாற்ற ஓர் அறை, உடன் ஒரு பெண் ஆசிரியர், இருட்டுவதற்குள் வீடு திரும்பும் நேரம் ஆகிய மூன்றும் உறுதியானால் பெற்றோர் அனுப்புகிறார்கள். இந்திய மகளிர் அணித் தலைவராக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை சென்னையில் வளர்ந்தவர் என்பதை அந்தப் பெற்றோரிடம் சொல்லலாம்.

முறையாகக் கற்க விரும்பும் பயிற்சியாளருக்கு, 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் பட்டயப் படிப்பும் நடத்துகிறது. பிள்ளைகளுக்கான போட்டி வாய்ப்புகளைத் திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஊர்ப் பள்ளியில் படித்து இன்று நல்ல நிலையில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கோப்பையும் சீருடையும் பிறகு வாங்கித் தரலாம். முதலில் 5ஆம் எண் பந்து பத்து வாங்கிக் கொடுங்கள்.